டெக்ஸஸ் சம்பளமா, ஸ்டாக்ஹோம் வரியா? இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பிளேனோவாசி:

வணக்கம். டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். நான் எச்1பி வேலை விசாவில், மனைவி அதைச் சார்ந்த எச்4 விசாவில், அவர் வேலைக்குப் போகவில்லை. மூன்று வயதில் ஒரு பையன். இன்னும் சில மாதங்களில் அடுத்த குழந்தை. இப்போது ஆண்டுக்கு 1,50,000 டாலர் வாங்குகிறேன். ஸ்டாக்ஹோமில் ஒரு நிறுவனம் மாதம் 65,000 குரோனா தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. டாலரில் மாற்றிப் பார்த்தால் இப்போது வாங்குவதில் ஏறக்குறைய பாதி.

அலுவலகத்தில் ஒருவர், "அதிலும் பாதி வரியிலேயே போய்விடும், போகாதே" என்கிறார். இன்னொருவர், "அங்கே எல்லாமே இலவசம், யோசிக்காமல் கிளம்பு" என்கிறார். இரண்டு பேருமே அங்கே இருந்ததில்லை.

நான் கேட்பது இதுதான். கையில் உண்மையில் எவ்வளவு வரும்? கட்டும் வரிக்கு என்ன திரும்பக் கிடைக்கும், என்ன கிடைக்காது? அப்புறம், பணக்காரர்களிடம் நிறைய வாங்கி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் என்கிறார்களே, அது சரியா? அரசியல் சண்டை வேண்டாம். குடும்பத்தோடு முடிவெடுக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

மேலார்கரை:

நியூ ஜெர்சி எடிசனில் சில வருடம், அதன் பிறகு ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சொல்லெந்தூனாவில். இரண்டு நாட்டிலும் வரி கட்டியிருக்கிறேன், மூத்தவள் அங்கே பிறந்தாள், சின்னவன் இங்கே. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 65,000 குரோனாவில் வரி போகக் கையில் 47,000 சொச்சம் வரும். நகராட்சியும் மாகாணமும் எடுக்கும் வரி ஸ்டாக்ஹோமில் சேர்த்து 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நாட்டுச் சராசரி 32. ஆண்டு வருமானம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் குரோனாவைத் தாண்டினால் (2025 கணக்கு) தாண்டிய தொகைக்கு மட்டும் மத்திய அரசு இன்னொரு 20 சதவீதம் எடுக்கும். வேலை செய்பவர்களுக்கு ஒரு வரிக் கழிவு உண்டு, அது நல்ல தொகை. எல்லாம் சேர்த்தால் உங்கள் சம்பளத்தில் கால் பங்கை விடக் கொஞ்சம் கூடப் போகும். பாதி போவது அந்த எல்லைக்கு மேல் வரும் ஒவ்வொரு கூடுதல் குரோனாவிலும்தான். உங்கள் நண்பர் சொன்னது அதைத்தான், ஆனால் மொத்தத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உங்களிடம் முழுதாகச் சொல்லாதவன் ஆவேன். சம்பளத்துக்கு மேலே நிறுவனம் உங்களுக்காக 31.42 சதவீதம் அரசுக்குக் கட்டுகிறது. ஆக உங்களுக்கு அவர்கள் செலவழிப்பது மாதம் 85,000, உங்கள் கைக்கு வருவது 47,000. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலான பொருள்களுக்கு 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி. நாட்டின் மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் வரியாக எடுக்கும் நாடு இது. அமெரிக்காவில் அது 25, 26ஐ ஒட்டி. வரி கனம்தான், அதில் சந்தேகமில்லை.

அடுத்து, யார் கட்டுகிறார்கள் என்று கேட்டீர்கள். பலருக்கும் இது புதிதாக இருக்கும்: ஸ்வீடனில் வாரிசு வரி கிடையாது, 2005 முதல் இல்லை. மொத்தச் செல்வத்தின் மீதான வரியும் 2007இல் போய்விட்டது. பெரிய சொத்துகளுக்கு 40 சதவீதம் வரை வாரிசு வரி வைத்திருப்பது அமெரிக்காதான். அங்கே தனியாளுக்கு வருமான வரியில் உச்சமான 37 சதவீதம் 2024இல் 6,09,350 டாலருக்கு மேல்தான் தொடங்கியது. இங்கே உச்ச விகிதம் உங்களைப் போன்ற ஒரு பொறியாளரையே தொட்டுவிடும். பேருந்து ஓட்டுபவரும் நகராட்சி வரியை அதே விகிதத்தில் கட்டுகிறார். ஆக, பணக்காரனிடம் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுப்பது என்ற படம் இங்கே பொருந்தாது. நடுத்தர வர்க்கம், உடம்பில் தெம்பு இருக்கும் வயதில் தானே கட்டி, பிள்ளை சிறிதாக இருக்கும்போதும் நோயிலும் முதுமையிலும் தானே திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மாதம் 1,250 குரோனா குழந்தைப் படி என் மேலாளருக்கும் வருகிறது, எங்கள் கட்டடத்தைத் துடைப்பவருக்கும் வருகிறது. யாரும் கை நீட்டி வாங்குவதாக நினைப்பதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரண்டு நாட்டையும் வரி விகிதத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பு எதோடு கட்டியிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் அது வேலையோடு கட்டியிருக்கிறது. இங்கே ஆளோடு.

எடிசனில் மனைவி கர்ப்பமாக இருந்தபோது என் வேலை போனது. அந்த வாரமே காப்பீட்டைத் தொடர்வது பற்றிய கடிதம் வந்தது. சட்டப்படி 18 மாதம் வரை பழைய காப்பீட்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை நிறுவனம் கட்டிவந்த பங்கையும் நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் 2 சதவீதம். மாதம் இரண்டாயிரம் டாலருக்கு மேல், சம்பளம் இல்லாத மாதத்தில். பிரசவம் முடிந்த பிறகு மாதக்கணக்கில் உறைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் "இது பில் அல்ல" என்று அச்சடித்திருக்கும். மருத்துவமனை கேட்டது ஒரு தொகை, காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது ஒரு தொகை, நாம் தர வேண்டியது ஒரு தொகை. மயக்க மருந்து கொடுத்தவருடையது தனி உறை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி அந்தத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. எந்த நேரத்தில் ஒரு குடும்பத்துக்குப் பணப் பயம் இருக்கவே கூடாதோ, அந்த நேரத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. விசா பக்கம், 60 நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டும் என்ற கெடு வேறு.

மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வந்ததல்ல. 1942இல் போர்க்காலத்தில் சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆட்களை இழுக்க நிறுவனங்கள் காப்பீட்டைக் கொடுத்தன. அதற்கு வரி இல்லை என்பதும் பின்னால் சட்டமானது. அப்படியே நிலைத்துவிட்டது. 2024இல் நிறுவனம் வழியாக வரும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுத் தொகை 25,572 டாலர், அதில் தொழிலாளி கையிலிருந்து போவது 6,296. மீதியும் உங்கள் சம்பளமாக வந்திருக்க வேண்டியதுதான். நான் அதையும் வரி என்றே எண்ணுகிறேன். சம்பளச் சீட்டில் வேறு பெயரில் இருக்கிறது, அவ்வளவே.

இங்கே எப்படி? காலை பத்து மணிக்குப் பாலர் பள்ளியிலிருந்து போன்: "பையனுக்கு 38.6 இருக்கிறது, வந்து கூட்டிப் போங்கள்." அலுவலகக் குழுவில் "வாப்" என்று ஒரு சொல் எழுதிவிட்டுக் கிளம்புவேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கும் நாளுக்கு இங்கே உள்ள பெயர் அது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை, ஓர் உச்சவரம்புக்குள் சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அரசிடமிருந்து வரும். செயலியில் பிள்ளையின் பெயரையும் தேதியையும் தட்டினால் போதும். எந்த மேலாளரும் ஏன் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பிப்ரவரியில் அவரும் வாப்தான்.

பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. வீட்டு வருமானத்தில் முதல் பிள்ளைக்கு 3 சதவீதம், இரண்டாவதுக்கு 2, அதுவும் ஒரு தொகைக்கு மேல் போகாது. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து உச்சமே மாதம் 3,000 குரோனாவை ஒட்டித்தான் வரும். பிளேனோவில் ஒரு கைக்குழந்தைக்குக் கேட்கும் கட்டணத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் 1177 எண்ணில் ஒரு செவிலியர் பேசுவார். பாதி நேரம் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்கச் சொல்வார். சிறப்பு மருத்துவரை 90 நாளுக்குள் பார்க்க வேண்டும், சிகிச்சை அடுத்த 90 நாளுக்குள் என்று சட்டத்தில் உத்தரவாதம் உண்டு, பலருக்கு அது தவறுகிறது. வீடு கிடைப்பது அதைவிடக் கஷ்டம். ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்கான வரிசை வருடக்கணக்கில் போகும். வந்த புதிதில் எல்லோரும் அதிக வாடகைக்கு உள்வாடகையில்தான் இருக்கிறோம். பனிக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும், அதை எந்த வரியும் சரி செய்யாது.

ஃப்ரீமாண்ட்காரன்:

மேலே எழுதியவர் நேர்மையாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் நான் மாற்றிச் சொல்கிறேன், காரணத்தோடு.

1,50,000 டாலருக்கு டெக்ஸஸில் மாநில வருமான வரி இல்லை. மனைவியோடு சேர்த்துக் கணக்குக் காட்டினால் மத்திய வரியும், சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தமும் சேர்த்து 20 சதவீதத்துக்குள்தான் வரும். நிறுவனம் நல்ல காப்பீடு கொடுத்தால், எல்லாச் செலவும் போக மிஞ்சுவது ஸ்டாக்ஹோமில் மிஞ்சுவதை விட மிக அதிகம். அதை 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் போட்டு இருபது வருடம் வைத்திருங்கள், அப்புறம் பேசுங்கள். திறமை இருக்கிறவனுக்கு மேலே போக இங்கே எல்லை இல்லை. அங்கே நீங்கள் கடினமாக உழைத்துச் சம்பாதிக்கும் அடுத்த ஆயிரத்தில் ஐந்நூறு போகும் என்று அவரே சொல்கிறார்.

மருத்துவமும் அப்படித்தான். எனக்குத் தோலில் ஒரு மச்சம் நிறம் மாறியது. நேராகத் தோல் மருத்துவருக்குப் போன் செய்தேன், அந்த வாரமே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். கோத்தன்பர்க்கில் இருக்கும் என் தம்பி முழங்கால் ஸ்கேனுக்கே மாதக்கணக்கில் காத்திருந்தான். ஸ்வீடனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஏன் அது?

இன்னொன்று. ஸ்காண்டிநேவியாவை சோஷலிசம் என்று இங்கே சிலர் கொண்டாடுவார்கள். டென்மார்க் பிரதமராக இருந்த லார்ஸ் லொக்க ராஸ்முஸன் 2015இல் ஹார்வர்டில் வைத்தே மறுத்தார். டென்மார்க் சந்தைப் பொருளாதாரம்தான் என்றார். அந்தச் சந்தைக்கு விலையும் கேளுங்கள்: அங்கே கார் வாங்கினால் பதிவு வரி, விலையின் மேல் பகுதிக்கு 150 சதவீதம்.

உங்களுக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருந்து, உடம்பு நன்றாக இருந்து, வேலையும் உறுதியாக இருந்தால் அமெரிக்காவை விடாதீர்கள். கிரீன் கார்டு வரிசை மட்டும்தான் என்னை யோசிக்க வைக்கும்.

ஒஸ்லோ அக்கா:

தம்பி, நான் நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த இவர் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு நானும் வந்து அதே தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். இப்போது ஒஸ்லோவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை.

எல்லாரும் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நல்லது. நான் வயது போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் இல்லத்தில் ஒரு அறையில் இருப்பவர் ஒரு காலத்தில் கப்பல் கம்பனி நடத்தினவர். பக்கத்து அறை அம்மா பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைத்தவர். காலையில் இருவருக்கும் ஒரே பாணும் அதே பழுப்புச் சீஸும்தான். இருவரையும் நான்தான் குளிக்க வார்க்கிறேன். நீண்ட காலம் தங்குபவர்களிடம் வருமானத்தில்தான் பங்கு எடுப்பார்கள். ஒரு அளவு வரை 75 சதவீதம், அதற்கு மேல் 85. ஓய்வூதியம் சிறிதென்றால் கட்டணமும் சிறிது. வீட்டை விற்றுவிட்டு வா என்று யாரும் கேட்பதில்லை.

நியூ ஜெர்சியில் என் மச்சாள் தன் மாமியாரைப் பார்த்தபோது நடந்தது வேறு. மெடிகேர் நீண்ட காலப் பராமரிப்புக்குக் காசு தராது என்பது அவவுக்கு அப்போதுதான் விளங்கினது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் தரும், ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் சேமிப்பு 2,000 டாலர் அளவுக்கு இறங்கின பிறகுதான். ஒரு ஆயுள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்ததை, ஏழை என்று நிரூபிப்பதற்காகக் கரைக்க வேண்டி வந்தது. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது.

இவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தபோது சம்பளம் முழுதாக வந்தது. இங்கே சுகவீன விடுப்புக்கு ஒரு வருடம் வரை, உச்சவரம்புக்குள், 100 சதவீதம். ஸ்வீடனில் அவ்வளவு இல்லை.

"நோர்வேயிடம் எண்ணெய் இருக்கு, அதனால் முடியுது" என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். எண்ணெய்க் காசு ஒரு நிதியத்தில் இருக்கு. அதில் இருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். அது பெரிய உதவிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் இல்லாத ஸ்வீடனிலும் இதே ஏற்பாடு நடக்குதே. மிச்சம் நாங்கள் கட்டுகிற வரி. எங்கள் வேலையில் ஆள் பற்றாக்குறை இருக்கு, இரவில் ஒருவர் செய்ய வேண்டியதை விடக் கூடச் செய்கிறோம். அதற்கு வரியைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், இன்னும் ஆட்களை எடுக்கத்தான் சொல்வேன்.

பிளேனோவாசி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. மேலார்கரை அண்ணா, ஃப்ரீமாண்ட்காரர் சொல்வதற்கு உங்கள் பதில் என்ன? குழந்தை அங்கே வந்து பிறந்தால் விடுப்பு எப்படிக் கிடைக்கும்?

மேலார்கரை:

ஃப்ரீமாண்ட்காரர் சொல்வதில் ஒன்றை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நல்ல சம்பளம், நல்ல உடம்பு, நிலையான வேலை, மூன்றும் இருபது வருடம் சேர்ந்தே இருந்தால் அமெரிக்காவில் கையில் அதிகம் மிஞ்சும். அந்த "இருந்தால்" என்பதற்குத்தான் இங்கே வரி கட்டுகிறோம்.

ஆனால் அமெரிக்கா இதற்கெல்லாம் குறைவாகச் செலவழிக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். அரசுச் செலவோடு தனியார் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் சேர்த்து, வரியைக் கழித்து, வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி போடும் கணக்கில் அமெரிக்கா பிரான்ஸுக்கு அடுத்த இடத்தில் வந்திருக்கிறது. மருத்துவத்துக்கு மட்டும் நாட்டு உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் போகிறது, ஸ்வீடனில் 11ஐ ஒட்டி. அவ்வளவு செலவழித்தும் சராசரி ஆயுள் ஸ்வீடனை விட நாலைந்து வருடம் குறைவு. பணம் இருக்கிறது, அது போகும் வழிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2021இல் ஒரே ஒரு வருடம் குழந்தைகளுக்கான வரிச் சலுகையை உயர்த்தி, வருமானமே இல்லாத வீட்டுக்கும் மாதாமாதம் பாதியைக் கொடுத்தார்கள். அரசு உதவியையும் வரியையும் சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. திட்டத்தை நீட்டிக்கவில்லை. அடுத்த வருடமே 12.4. நடுவில் அந்த வீடுகளில் முக்கியமாக மாறியது, அரசின் உதவித் தொகைகள் நின்றதுதான். எனக்கு இது வெறும் புள்ளிவிவரமாகத் தெரியவில்லை.

உங்கள் தம்பியின் முழங்கால் விஷயம் இங்கே பெரிய குறைதான், ஃப்ரீமாண்ட்காரரே. அந்தத் தனியார் காப்பீட்டில் பெரும்பாலானவை நிறுவனங்கள் வாங்கிக் கொடுப்பவை. வரிசையைத் தாண்டிப் போக வேலை தேவை என்று ஆகிவிட்டால் இங்கேயும் பாதுகாப்பு மெல்ல வேலையோடு ஒட்ட ஆரம்பிக்கும். அதைப் பார்த்து எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

தம்பி, இப்போது உங்கள் விடுப்பு. ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள். அதில் 90 நாள் உங்களுக்கு, 90 மனைவிக்கு, மாற்றிக்கொடுக்க முடியாது. 390 நாளுக்குச் சம்பளத்தைச் சார்ந்த தொகை, மீதி 90க்கு நாளுக்கு 180 குரோனா. ஆனால் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டியது இது: பிரசவத் தேதிக்கு முன் 240 நாள் தொடர்ந்து வேலை செய்திருந்தால்தான் முதல் 180 நாளுக்கும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். இல்லாவிட்டால் நாளுக்கு 250 குரோனா. சம்பளமே இல்லாத உங்கள் மனைவிக்கும் அதே 250தான். ஆகவே முதல் வருடம் கையில் சேமிப்போடு வாருங்கள். மூன்று வயதுப் பையனுக்கும் 100 நாள் உண்டு, அதைப் பலர் கேட்பதே இல்லை.

கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்துக்குத் தொழிற்சங்க ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் அந்த ஒப்பந்தத்தில்தான். கூடுதல் ஓய்வூதியமும், பெற்றோர் விடுப்பில் நிறுவனம் மேலே போட்டுத் தரும் தொகையும் பெரும்பாலும் அதில்தான் வரும். வெளிநாட்டு வல்லுநர்களுக்கு ஒரு வரிச் சலுகை உண்டு: சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதில் 25 சதவீதத்துக்கு ஏழு வருடம் வரை வரி இல்லை. உங்கள் 65,000 அந்த அளவுக்குக் கீழே இருக்கிறது, பேரம் பேசும்போது நினைவில் வையுங்கள். வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சம்பளத்தைச் சார்ந்த வேலையின்மைக் காப்பீடு தானாக வராது. ஆ-கசா என்ற நிதியில் நாமே சேர வேண்டும், முதல் மாதமே சேருங்கள். அடையாள எண் கையில் வந்ததும் வீட்டு வரிசையில் பெயர் கொடுங்கள், பையனுக்குப் பாலர் பள்ளிக்கும் எழுதிப் போடுங்கள். எழுதிய நான்கு மாதத்துக்குள் நகராட்சி இடம் தந்தாக வேண்டும். மனைவி வீட்டில் இருந்தாலும் அவனுக்கு வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் கிடைக்கும்.

அந்தச் சம்பளக் கடிதத்தில் பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.